காத்திருக்கும் காலமும் வாழும் காலமே

துன்ப காலத்தில் மன அமைதி பெறுவது எப்படி என்று கேட்டால், நம்மிற் பலர் "எல்லாம் தலைவிதி, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்" என்பர். கிறிஸ்தவர்களாகிய நாமும் "கடவுள் விட்ட வழி" என்று பெருமூச்செறிவதுண்டு. இந்தப் பெருமூச்சுத்தானா மன அமைதி? நடப்பது நடக்கட்டும் என்று கைகட்டியிருப்பவரின் உள்ளம் அமைதியடையவில்லை, களைத்துப் போயிருக்கிறது. களைப்பு வேறு, அமைதி வேறு.

துயரத்தை உணராதிருப்பதும் அமைதியன்று. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் கலங்கினார்; அவருடைய வியர்வை இரத்தத் துளிகளைப் போல் நிலத்தில் விழுந்தது. ஆகவே, பிள்ளையை இழந்து அழும் தாயைப் பார்த்து "உமக்கு விசுவாசம் போதாது" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

அப்படியானால் அமைதி என்பது யாது? வியட்நாம் நாட்டு மேற்றிராணியார் ஒருவருடைய வாழ்வு இதற்கு விடை தருகிறது.

பிரான்சிஸ் சவேரியார் நுயென் வான் துவான் ஆண்டகை 1975ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் சைகோனின் துணை அதிமேற்றிராணியாராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு ஆவணி 15ஆந் திகதி, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 47. விசாரணை எதுவுமின்றி 13 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தார். அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை.

தொடக்கத்தில் அவரும் அமைதியற்றே இருந்தார். மேய்ப்பனில்லாத மந்தையை நினைத்து இரவில் உறக்கமின்றித் தவித்தார். அந்த வேதனையின் நடுவே ஓர் உண்மை அவருக்குத் தெளிந்தது. கடவுள் வேறு, கடவுளுக்காக நாம் செய்யும் பணிகள் வேறு. பணிகளைப் பிறர் பறித்துவிடலாம்; கடவுளைப் பறிக்க எவராலும் இயலாது.

விடுதலை நாளை எண்ணி எண்ணிக் காலங்கழிப்பதில்லை, இருக்கும் நேரத்தை அன்பினால் நிரப்புவது என்றும் அவர் முடிவு செய்தார். இது வெறும் எண்ணமாக நின்றுவிடவில்லை. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் மூலம் பழைய கலண்டர்த் தாள்களைப் பெற்று, அவற்றின் பின்புறத்தில் தம் மக்களுக்கு ஆறுதல் மொழிகளை எழுதி அனுப்பினார். வயிற்றுநோவு மருந்து என்ற பெயரில் விசுவாசிகள் அனுப்பிய திராட்சை இரசத்தில் மூன்று துளியும் தண்ணீரில் ஒரு துளியும் உள்ளங்கையில் ஏந்தி அவர் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். முகங்கொடுத்துப் பேசாத காவலர்களுக்கும் மொழிகள் கற்பித்தார், அவர்களை நண்பர்களாக்கினார். காவலர்களின் கண்டுங்காணாத தயவினால் மரத்துண்டில் ஒரு சிலுவையையும் மின்கம்பியில் ஒரு சங்கிலியையும் செய்துகொண்டார்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். துன்புறுவோர் அமைதி கொண்டால், அது துன்புறுத்துவோருக்கு வசதியாகிவிடாதா? நியாயமான கேள்விதான். 2009இல் யுத்தம் முடிந்தது; ஆயினும் காணாமற் போன தம் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குத் தாய்மார் பலர் இன்னும் பதில் பெறவில்லை. 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்கள் வீதியோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கினர். அவர்களிடம் "மறந்துவிட்டு அமைதியாக இருங்கள்" என்று சொல்வது அமைதியைப் போதிப்பதாகாது; அநீதிக்குத் துணைபோவதேயாகும்.

வான் துவான் ஆண்டகையின் அமைதி அத்தகையதன்று. 1988 கார்த்திகையில் விடுதலையான அவர், பின்னர் உரோமையில் நீதிக்கும் சமாதானத்துக்குமான பாப்பரசரின் சபைக்கு 1998இல் தலைவரானார். உள்ளத்தின் அமைதி அவரை நீதிப் பணியிலிருந்து விலக்கவில்லை, அதற்கே ஆயத்தப்படுத்தியது. பகைமையால் உள்ளம் எரிந்து சாம்பலாகாதவரே நீண்ட காலம் நீதிக்காக நிற்க வல்லவர். 2001இல் கர்தினாலாக உயர்த்தப்பட்ட அவர் 2002இல் இறைவனடி சேர்ந்தார். 2017இல் திருச்சபை அவரது வீரத்துவமான புண்ணியங்களை ஏற்று, அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

நம் வீடுகளிலும் காத்திருத்தல் உண்டு. வெளிநாட்டிலுள்ள மகனின் விசாவுக்காக, விடுபடாத காணிக்காக, வைத்தியரின் முடிவுக்காக நாம் காத்திருக்கிறோம். அது கிடைத்த பின்புதான் வாழ்வு என்று எண்ணி, இன்றைய நாளை ஒத்திவைத்துவிடுகிறோம். அருகிலிருக்கும் பிள்ளையின் முகத்தை நாம் பார்ப்பதில்லை. அயல் வீட்டு நோயாளியை விசாரிப்பதில்லை. இழந்ததைக் காட்டிலும், இப்படி நாமாகக் கைவிடுவது அதிகமாகிவிடுகிறது.

நம் உரிமையைக் கேட்போம்; நம் துயரத்தை அழுது தீர்ப்போம். ஆனால் இன்றைய நாளை மட்டும் எவருக்கும் பறிகொடாதிருப்போம். இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்ததும், "ஆண்டவரே, நாளைக்கு நான் யாருக்கு உதவ வேண்டும்?" என்று கேட்டுவிட்டு உறங்கச் செல்வோம். அந்தக் கேள்வியோடு கண்மூடும் உள்ளத்தில், கண்ணீர் காயாதிருக்கும்போதே, அமைதி குடிகொள்ளத் தொடங்கும்.