தாழ்ப்பாளும் தெய்வ நம்பிக்கையும்

உதைபட்டுத் திறந்த கதவைப் பழுதுபார்க்க வருகிற ஓடாவி முதலில் பலகையைத் தொடமாட்டார். நிலையில் தாழ்ப்பாள் போய் விழுகிற இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். அங்கே முக்கால் அங்குல ஸ்குரூ ஆணி இரண்டு, மரச்சிராயோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். பலகை நல்ல முதிரையாக இருக்கலாம். பூட்டு வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பியதாகவும் இருக்கலாம். இரவு முழுவதும் அந்த வீட்டுக்குக் காவல் நின்றவை அந்த இரண்டு சின்ன ஆணிகள்தான்.

அமெரிக்காவில் வீட்டுச் சுவரே பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆனது. அதனால் அங்கே கதவை இறுக்குவதற்கென்று தனிப் பொதிகள் விற்கிறார்கள். நிலையின் உட்பக்கம் நெடுக ஓடுகிற ஓர் இரும்புத் தகடு, பூட்டு இருக்கும் இடத்தில் பலகையை இருபுறமும் கவ்விப் பிடிக்கிற மடிப்புத் தகடு, பிணைச்சலுக்குத் துணைத் தகடு, இவற்றையெல்லாம் நிலையையும் தாண்டிச் சுவர்ச் சட்டம்வரை கொண்டுபோய்ப் பிணைக்கிற மூன்று அங்குல ஆணிகள். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்குடாப் பக்கத்து வீடு சீமெந்துக் கல்லால் கட்டியது. நிலையின் இரு புறமும் இரும்புப் பட்டி அடித்து, சுவருக்குள் சாந்து வைத்துப் பூசியிருப்பார்கள். இங்கே நீண்ட ஆணி மட்டும் போதாது. சுவரைத் துளைத்து ரோல் பிளக் வைக்க வேண்டும். நிலையின் அடிப்பகுதியைக் கறையான் தின்றிருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். கடற்காற்றில் சாதாரண இரும்பு சில வருடங்களிலேயே பொருக்கு விட்டுவிடும் என்பதால் துருப்பிடிக்காத ஆணியாகப் பார்த்து வாங்க வேண்டும். முன்கதவுக்கு எல்லாம் செய்துவிட்டுக் குசினிக் கதவை மறந்துவிடுவது பொதுவான தவறு. திருடன் அந்தப் பக்கத்தாலும் வருவான்.

வேலை இவ்வளவுதான், அரை நாள் போதும். ஆனால் இந்த வேலை ஒரு பழைய கேள்வியைக் கிளப்புகிறது. தெய்வம் காக்கும் என்று சொல்லி நெற்றியில் நீறு பூசுகிறவருக்கு, பிஸ்மி சொல்லி வீட்டுக்குள் நுழைகிறவருக்கு, வாசல் நிலைக்கு மேலே சிலுவை மாட்டியிருப்பவருக்கு இரும்புத் தகடு எதற்கு? தாழ்ப்பாளை நம்புவது தெய்வத்தை நம்பாததற்கு அடையாளமா?

வேறு ஊரில் இது ஓய்வு நேரத்து வாதமாக இருக்கலாம். மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அப்படியல்ல. 1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளியைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். புயலில் கதவின் வேலை என்ன என்பது அந்த மாதிரி ஓர் இரவில்தான் புரியும். காற்று மோதுகிற பக்கத்துக் கதவு திறந்துகொண்டால் வீட்டுக்குள் புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தள்ளும், மேலே ஓடுகிற காற்று அதையே இழுக்கும். ஓடும் தகரமும் பறந்துவிடும். பிறகு போர். ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது பல வீடுகளில் கதவோடு நிலையும் கழற்றப்பட்டிருந்தது. 2011 ஆகஸ்டில் உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் வருவதாகக் கிறீஸ் பூதம் என்ற பீதி கிழக்கு முழுவதும் பரவி, ஊர்கள் இரவில் விழித்துக் காவல் இருந்தன. இத்தனையையும் பார்த்த மக்களிடம் போய், பூட்டுவது விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொல்லவும் கூடாது.

சமய நூல்களும் அப்படிச் சொல்லவில்லை. ஓட்டமாவடியிலோ ஏறாவூரிலோ மார்க்கம் படித்த ஒருவரைக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்வார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் சொன்னதாகத் திர்மிதியில் வருகிறது. இரவு வந்ததும் பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ளவும், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கதவை அடைக்கவும், பாத்திரங்களை மூடிவைக்கவும் சொல்லும் நபிமொழி புகாரியில் உண்டு. தாழ்ப்பாள் போடுகிற கையும் இறைவனை நினைக்கிற நாவும் அங்கே ஒரே செயலில் சேர்ந்துவிடுகின்றன. இறைவனிடம் பொறுப்புச் சாட்டுதலான தவக்குல் என்பது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று நினைப்பவருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

யோவான் சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தில் வேறொரு காட்சி. இயேசு சிலுவையில் அறையப்பட்டு மூன்றாம் நாள் மாலை. சீடர்கள் பயத்தில் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். உயிர்த்தெழுந்தவர் அவர்கள் நடுவே வந்து நின்று சமாதானம் சொல்கிறார். ஏன் பூட்டினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அவர்களை அவர் கடிந்துகொண்டதாகவும் அந்த இடத்தில் இல்லை. பயந்தவன் கதவைப் பூட்டுவது பாவமாக எண்ணப்படவில்லை. ஆனால் அவர்களை அந்தப் பூட்டுக்குள்ளேயே இருந்துவிடும்படியும் அவர் சொல்லவில்லை, வெளியே அனுப்புகிறார்.

மட்டக்களப்பாரின் கண்ணகியம்மன் வழிபாட்டில் இந்தக் கேள்வியின் ஆழம் இன்னும் கூடுகிறது. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் போன்ற ஊர்களின் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கு திருக்கதவு திறத்தலோடு தொடங்கும். வருடத்தின் பெரும்பகுதி அடைபட்டிருக்கும் கதவு அன்று திறக்கும். கண்ணகி வழக்குரை படிக்கப்படும். மதுரையை எரித்த கோபத்தோடு வந்தவளைக் குளிரச் செய்யும் குளிர்த்திப் பாடலோடு சடங்கு முடியும். பிறகு கதவு மீண்டும் அடைபடும். நீதி கேட்டு எரிகிற ஒரு பெண்ணை ஊர் தன் நடுவே வைத்துக்கொண்டு, அவளை எப்போது பார்ப்பது, எப்போது தனியே விடுவது என்று ஓர் ஒழுங்கு வகுத்திருக்கிறது. அந்தக் கதவு அம்மனைச் சிறை வைக்கவில்லை, ஊரை விலக்கி வைக்கவுமில்லை. திறப்பதற்கு ஒரு நாளும், திறக்க உரிமையுள்ள கையும், திறக்கும்போது பாட ஒரு பாட்டும் அதற்கு உண்டு. அடைப்பு புனிதமாவது இந்த மூன்றினால்தான்.

வேதாரணியத்துக் கதையும் இங்கே பொருந்தும். வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கோயில் வாயில் திறக்க ஆளின்றி இருக்க, அடியார்கள் பக்க வழியால் போய் வந்துகொண்டிருந்தார்கள். அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்கிறது பெரியபுராணம். திறந்த அற்புதத்தையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சம்பந்தர் அதை மறுபடி ஏன் அடைக்க வேண்டும்? திறந்தே கிடக்கும் வாயிலோ அடைந்தே கிடக்கும் வாயிலோ அந்த அடியார்களுக்குத் தேவைப்படவில்லை. திறக்கவும் அடைக்கவும் முடிகிற கதவாக அது மாற வேண்டியிருந்தது.

கதவின் பலத்துக்கு எல்லை உண்டு என்பதையும் இந்தக் கரை நன்றாக அறியும். 2004 டிசம்பர் 26 காலை கல்குடா, பாசிக்குடாக் கரைகளைத் தாண்டிச் சுனாமியாக வந்த கடலுக்கு முன் எந்தத் தகடும் எந்த ஆணியும் நிற்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்றடி அகலக் கதவுக்கு வெளியே ஒரு மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் அசையாமல் நின்றாலே அதன்மீது ஏறக்குறைய 450 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். உயரம் இரண்டு மீற்றரானால் அது நான்கு மடங்காகும். பாய்ந்து வருகிற அலைக்கு இந்தக் கணக்கெல்லாம் போதாது. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் கிரான், வாகனேரிப் பக்கங்களிலும் நெல் மூட்டையை மோப்பம் பிடித்து வருகிற யானை கதவைத் தேடுவதுகூட இல்லை. சுவரையே தள்ளிவிடும்.

மனிதர் கையில் அதிகாரம் இருக்கும்போது நிலைமை இன்னும் மோசம். 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் பள்ளிவாசல்களுக்குள் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஒரு மாதம் கழித்து, செப்டெம்பர் 5 அன்று, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவத்தினர் ஏற்றிச் சென்றார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. ஒன்று தொழுகை இடம், மற்றது அடைக்கலம் கேட்டு வந்தவர்களுக்குத் திறந்துவிடப்பட்ட கல்விக்கூடம். அந்த இரண்டு வாசல்களிலும் தோற்றது பூட்டோ நிலையோ இல்லை. வாசலுக்கு வெளியே நின்ற மனிதனின் மனச்சாட்சிதான் தோற்றது. திருடனுக்கு எதிராகக் கதவை இறுக்கலாம். துவக்கோடு வருகிறவனுக்கு எதிராக நீதி ஒன்றுதான் தாழ்ப்பாள், அதை எந்த வீட்டுக்காரரும் தனியே செய்து மாட்டிவிட முடியாது. தெய்வம் காக்கும் என்ற சொல்லை அன்று உயிர் தப்பியவர்களிடம் லேசாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கு முதுகுப் பையோடு வந்த அந்நியனைச் சபையைச் சேர்ந்தவர்கள் வாசலில் மறித்து விசாரித்தார்கள். அவன் உள்ளே போகாமல் வெளியிலேயே குண்டை வெடிக்கவைத்தான். சுமார் முப்பது பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் பிள்ளைகள். மறித்தவர்களிலும் இறந்தவர் உண்டு. உள்ளே போயிருந்தால் இழப்பு எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு நாடெங்கும் தேவாலய வாசல்களில் பை சோதிக்கிற மேசை வந்தது. வருத்தப்பட்டு வருகிறவர்களை வா என்று அழைக்கிற சமயம் வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்கிறதே என்று சிலருக்கு மனம் நொந்தது. அந்த நோவு நியாயமானது. ஆனாலும் சீயோன் வாசலில் நடந்ததை ஊன்றிப் பார்த்தால் காவலுக்கும் வரவேற்புக்கும் இடையே அவ்வளவு தூரமில்லை என்று தெரியும். அங்கே நின்றவர்கள் இரும்பாலான தடுப்பு அல்லர். யார் நீங்கள், எதற்கு வந்தீர்கள் என்று முகத்தைப் பார்த்துக் கேட்டவர்கள்.

குறுந்தொகையின் 118ஆம் பாடலில் நன்னாகையார் காட்டும் மாலைப் பொழுதில் இதன் சாயல் இருக்கிறது. பலர் புகுகிற பெரிய வாயிலை அடைக்கப் போகிற காவலர், உள்ளே வர வேண்டியவர் இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுக்கிறார். காதலன் வரவில்லை என்ற தலைவியின் துயரம்தான் பாட்டின் பொருள். ஆனால் அந்த வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். இரவு வாயிலை அடைத்தே ஆக வேண்டும் என்பதில் அந்தச் சமூகத்துக்குச் சந்தேகமே இல்லை. அடைப்பதற்கு முன் இருட்டை நோக்கி ஒருமுறை கேட்க வேண்டும் என்பதிலும் இல்லை. கதவைப் பலப்படுத்துகிறவரிடம் அறம் எதிர்பார்ப்பது இந்த இரண்டையும்தான். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால், ஒன்றில் வீடு சூறைபோகும், அல்லது வாசலில் நின்று கூப்பிடுகிறவர் செத்துப்போவார்.

இதைக் கல்குடாவின் இன்றைய வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். மட்டக்களப்புத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்கு. கலியாணத்தோடு சீதனமாக அவள் பெயருக்கு எழுதப்படும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஆகவே இந்தப் பகுதியில் வாசற்கதவு பெண்ணின் உடைமை. போர் பல பெண்களை விதவையாக்கியது. வறுமை பல பெண்களை மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாக அனுப்பியது. அவள் அனுப்பிய காசில் கட்டிய வீட்டில் இரவில் தங்குவது வயதான தாயும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும். அந்த வீட்டின் நிலையில் முக்கால் அங்குல ஆணி இருப்பது அவர்களுடைய விதி என்று எந்தப் பூசகரும் மௌலவியும் போதகரும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

அதே வீட்டில் அளவுக்கு மிஞ்சிய பயமும் ஆபத்துத்தான். யன்னலுக்கெல்லாம் கழற்ற முடியாத கிறில், முன்கதவுக்கு உள்ளேயும் திறப்புப் போட்டுத் திருப்ப வேண்டிய பூட்டு, திறப்பு எங்கோ ஓர் அலுமாரியில். நள்ளிரவில் குசினியில் தீப்பிடித்தாலோ தாய்க்கு நெஞ்சுவலி வந்தாலோ, திருடனுக்காகச் செய்த பலமெல்லாம் வீட்டாருக்கு எதிராகத் திரும்பும். உள்ளிருந்து திறப்பில்லாமல் ஒரே கையால் திறக்க முடிகிற தாழ்ப்பாள், நரம்பு தளர்ந்த விரலுக்கும் எட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும். இன்னொரு திறப்பு நம்பிக்கையான பக்கத்து வீட்டு மாமியிடமோ ராத்தாவிடமோ இருக்க வேண்டும். தன் வீட்டுத் திறப்பை இன்னொருவர் கையில் கொடுப்பது, மூன்று அங்குல ஆணி அடிப்பதைவிடக் கடினமான நம்பிக்கைச் செயல். இனக்கலவரமும் சந்தேகமும் பிரித்துப் போட்ட இந்தக் கரையில் அது இன்னும் கடினம்.

கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் இங்கே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கோபுரத்துக்கும் மினாராவுக்கும் மணிக்கூண்டுக்கும் ஊர் அள்ளிக் கொடுக்கிறது, கொடுக்கட்டும். அந்தத் திருப்பணிக் கணக்கிலேயே, பெண்கள் தனித்திருக்கும் வீடுகளுக்கு ஓர் ஓடாவியை அனுப்பிக் கதவு பார்க்கும் செலவையும் சேர்க்கலாம். துளைபோடும் மெஷின் ஒன்று, ரோல் பிளக், துருப்பிடிக்காத ஆணி, பூட்டு விழும் இடத்துக்கும் பிணைச்சலுக்கும் தகடு, கறையான் தின்ற நிலைக்கு மாற்றுக் கட்டை, யன்னல் கிறில்களில் ஒன்றை உள்ளிருந்து திறக்கக்கூடியதாக மாற்றும் வேலை. எந்தச் சமயத்து வீடு என்று பாராமல் தெருவை வரிசையாக எடுத்துக்கொண்டு, மாரிக் காற்று தொடங்கும் முன் ஐப்பசிக்குள் முடிக்கலாம்.