புல், முயல், ஓநாய்

1997. ஆஸ்டின் நகரம். ஒரு கணினிக்குள் பிரிட்டானியா என்ற நாடு விரிகிறது. ஆட்டத்தின் பெயர் அல்டிமா ஆன்லைன்.

புல் வளர்கிறது. முயல் புல்லை மேய்கிறது. ஓநாய் முயலைத் தேடுகிறது. ஆள் நடமாட்டமே இல்லாத மூலையிலும் இது நடக்கிறது.

ஆட்டத்தை வடிவமைக்கும் ராஃப் கோஸ்டரும் உடனிருப்பவர்களும் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு பசியை எழுதி வைக்கிறார்கள். மான் அற்றுப்போனால் டிராகன் ஊர்ப்பக்கம் இறங்கும்.

அழகான எண்ணம். அதன் பக்கத்தில் சற்று நேரம் இருக்கிறேன்.

கதவு திறக்கிறது. ஆட்டக்காரர்கள் வருகிறார்கள்.

ஒருவர் கையில் கத்தி. எதிரே ஒரு முயல். ஒன்றுதானே.

அடுத்தவருக்கும் ஒன்றுதான்.

முயல் பிறக்கும் வேகத்தைவிடக் கத்தியின் வேகம் அதிகம். காட்டில் அசைவு குறைகிறது. ஓநாய் பசித்திருப்பதைப் பார்க்க யாரும் நிற்கவில்லை. நின்று பார்க்கும்போது ஓநாயும் இல்லை.

யாரும் காட்டை அழிக்க நினைக்கவில்லை.

இந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

இன்னொன்று. அந்த நாட்டில் பொருளுக்கு ஒரு மொத்த அளவு இருக்கிறது. மலையின் இரும்பு வாளாகிறது. வாள் தேய்ந்து அழிந்தால் அந்த இரும்பு நாட்டின் கணக்குக்குத் திரும்புகிறது. திரும்பினால்தான் மலையில் மறுபடி ஊறும்.

திரும்பவில்லை. பெட்டிக்குள் கிடக்கிறது.

வீடுதோறும் பெட்டிகள். யாரும் அணியாத கவசம், யாரும் உடுத்தாத சட்டை. என்றாவது உதவும் என்று எடுத்துவைத்தது. எடுத்துவைப்பதில் ஒரு கதகதப்பு இருக்கிறது. அதை நான் அறிவேன்.

வெளியே மலை வறள்கிறது.

பெட்டியில் உள்ளது எடுத்துவைத்தவருடையது. மலையில் இல்லாதது யாருடையது?

கேள்வி வருகிறது. இருக்கட்டும்.

கடைசியில், ஆட்டத்தை வடிவமைத்தவர்களே புல்லையும் முயலையும் ஓநாயையும் கோத்த சங்கிலியைக் கழற்றிவிடுகிறார்கள். மொத்த அளவு என்பதையும் எடுத்துவிடுகிறார்கள். இப்போது முயல் எங்கிருந்தும் வரவில்லை. கொன்றால் சிறிது நேரத்தில் இன்னொன்று, அவ்வளவே. தங்கமும் அப்படித்தான். ஒரு பக்கம் ஊற்றுகிறது, மறுபக்கம் வடிகிறது.

ஆட்டம் நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் நடக்கிறது.

எடுத்தாலும் குறையாத உலகம். அங்கே ஒரு முயலை விட்டுவைத்தால், அந்த விட்டுவைத்தல் எங்கே போகிறது?

இது வலிக்கிறது. ஏன் என்று தோண்டவில்லை. வலி வந்து, கொஞ்சம் இருந்து, மெலிகிறது.

செம்மறி ஆடுகள் இன்னும் மேய்கின்றன. ஆட்டைக் கொல்லாமல் ரோமத்தை மட்டும் கத்தரிக்க முடியும். ரோமம் திரும்ப வளர்கிறது, சற்றுத் தாமதமாக.

ஒருவர் கத்தரித்துவிட்டுப் போகிறார். அடுத்தவர் வருகிறார். ரோமம் இல்லாத ஆடு.

அவர் காத்திருக்கலாம். வேறு ஆடு தேடிப் போகலாம். கறிக்காக வெட்டவும் செய்யலாம்.