பேணுவோரைப் பேணுதலும் அறமே

முதுமையில் நினைவு தேய்ந்து, தாம் பெற்ற மக்களையே யாரென வினவும் நிலையைக் காண்பது கொடிது. டிமென்ஷியா எனப்படும் இம்மறதிநோய், இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. நோயுற்றவரைப் பற்றி நாம் அக்கறையோடு வினவுகிறோம். அவரருகே இரவும் பகலும் விழித்திருக்கும் மனைவியையோ மகளையோ மருமகளையோ பற்றி வினவுகிறோமா?

ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். பொழுது சாயுமுன் உண்ணும் ஒழுக்கம் வழுவாத குடும்பம் அது. நோயுற்ற பெரியவர் உண்ண மறுக்கிறார். கெஞ்சி ஊட்டி முடிப்பதற்குள் கதிரவன் மறைந்துவிடுகிறான். ஊட்டிய அம்மையார் தாம் உண்ணாமலே எழுகிறார். நள்ளிரவில் பெரியவர் கதவைத் திறந்து வெளியேற முயல்வதால் உறக்கமும் இல்லை. மறுநாள் வந்த உறவினர், "நீங்கள் செய்வது பெருந்தவம்" என்று புகழ்ந்து விடைபெறுகிறார். இது தவந்தானா?

பிணியுற்றோர்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் தவம் என்பது உணர்ந்து, விரும்பி, அளவறிந்து மேற்கொள்வது. மாற்றாள் இல்லாமையால் பட்டினி கிடப்பது நோன்பு ஆகாது. அது வறுமையைப் போன்றதொரு துன்பமே ஆகும்.

இத்துன்பம் உள்ளத்தோடு நிற்பதில்லை. இடையறாத கவலையால் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகியவை உடலில் மிகுதியாகச் சுரக்கின்றன. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. இவை ஆண்டுக்கணக்கில் தணியாதபோது இரத்தக்குழாய்களும் இதயமும் கேடுறுகின்றன. அமெரிக்கச் செவிலியர் 54,412 பேரை நான்காண்டுகள் கண்காணித்த ஆய்வு 2003-ல் வெளியாயிற்று. நோயுற்ற கணவரை வாரத்திற்கு 9 மணி நேரமோ அதற்கு மேலோ பேணியவர்க்கு இதயநோய் வரும் வாய்ப்பு, அப்பொறுப்பு இல்லாதவரைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு என அது கண்டது. நம் அம்மையார்க்கோ ஒரே நாளில் 9 மணி நேரம் கடந்துவிடுகிறது!

முதிய தம்பதியரைப் பற்றி 1999-ல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வும் எண்ணத்தக்கது. துணைவரைப் பேணுவதால் மனச்சுமையுற்றோர் நான்காண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு, பேணும் பொறுப்பில்லாதவரைவிட 63 விழுக்காடு மிகுந்திருந்தது. மனச்சுமையின்றிப் பேணியவரிடம் இவ்வுயர்வு தெளிவாகக் காணப்படவில்லை. எனவே தொண்டு கேடன்று. தாங்கவொண்ணாச் சுமையே கேடு.

அச்சுமையைக் குறைக்கவும் வழியுண்டு. நியூயார்க்கில் நோயாளிகளின் துணைவர் 406 பேரிடையே நிகழ்ந்த ஆய்வில், ஒரு பிரிவினர்க்கு ஆலோசனை வழங்கி, குடும்பத்தாரையும் அழைத்துப் பேசி, தொடர்ந்து துணை நின்றனர். அத்துணையைப் பெற்றோர், நோயாளியை ஏறத்தாழ 557 நாட்கள் கூடுதலாக இல்லத்திலேயே வைத்துப் பேணினர் என 2006-ல் அறிவித்தனர்.

"என் கணவரை நானே பார்த்துக்கொள்வேன், பிறரை நாடுவது இழுக்கு" என எண்ணும் அம்மையாரும் உளர். அவர்க்கு நாம் பணிவுடன் கூறுவது இது: அகிம்சை எல்லா உயிர்க்கும் உரியதெனில், தங்கள் உயிர் மட்டும் அதற்குப் புறம்பானதா?

நமக்கும் ஒரு வினா உண்டு. தீமை செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு ஏதுவாகும் என்று கற்றோம். அசட்டையும் இம்சைக்கு வாயில் என்று கேட்டோம். ஓர் உயிர் நம் கண்ணெதிரே தேய்வதை அறிந்தும் புகழுரை கூறி நகர்வது உடன்படுதலன்றி வேறென்ன?

பெரிதாக ஏதும் வேண்டுவதில்லை. வாரத்தில் இரு நாள் மாலையில் ஒருவர் சென்று பெரியவர்க்கு உணவூட்டட்டும். அம்மையார் பொழுதோடு உண்ணட்டும். தொலைவில் வாழும் மக்கள் பணம் அனுப்புவதோடு நில்லாது, முறை வைத்து வந்து தங்கட்டும். பெரியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாளில் அம்மையாரின் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் செய்யட்டும். அடுத்த முறை அவ்வில்லம் செல்லும்போது, "தாங்கள் உண்டீர்களா? உறங்கினீர்களா?" என்று முதலில் அவரைக் கேட்போமாக.