ஒருவரை விடுவித்தால் எல்லாரையும் விடுவித்ததாகுமா?

ஒரு மாலை நேரத்தில், பள்ளி முடிந்து பிள்ளைகள் கலைந்த பின்னர், மாசாயைச் சேர்ந்த தாயார் ஒருவர் என் அறைக்கு வந்தார். மகனின் தேர்ச்சி அறிக்கை குறித்துப் பேச வந்தவரென்று எண்ணினேன். அவரோ கைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து மேசைமீது வைத்தார். பாசிர் கூடாங்கிலுள்ள தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ஒப்பந்தக்காரரின் பஸ் ஒரு லோரியுடன் மோதியதில், அவருடைய இடக்கை முறிந்திருந்தது. லோரியின் காப்புறுதி நிறுவனம் ஒரு தொகை தர முன்வந்து, கையொப்பம் கேட்டிருந்தது. ஆங்கிலத்தில் இருந்த அத்தாளை இருமுறை படித்தேன். லோரிக்காரரையும் "மற்றெவரையும்" அவ்விபத்து பற்றிய எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவிப்பதாக அது கூறிற்று.

"இதுல கையெழுத்துப் போட்டா, பஸ்காரங்ககிட்ட அப்புறம் கேட்க முடியாதாங்கய்யா?" என்றார் அவர்.

வகுப்பில் இரு மாணவர் சேர்ந்து மூன்றாமவனைத் தள்ளிவிடுகின்றனர். ஒருவன் மன்னிப்புக் கேட்கிறான், விழுந்தவன் மன்னிக்கிறான். அதனால் மற்றவனும் விடுபட்டான் என்று எந்தப் பிள்ளையும் ஒப்பாது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் தன் உயிரையே ஈடாகத் தருகிறான். அதனால் பொய்யுரைத்த பொற்கொல்லனின் பழி தீர்ந்ததென்று தேர்வில் எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவோமா?

எனினும் பழைய ஆங்கிலேயச் சட்டம் ஏறத்தாழ அப்படித்தான் கூறிற்று. கூடிச் செய்த தீங்குக்கு வழக்குரிமை ஒன்றே. அதை ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லாருக்கும் விட்டுக்கொடுத்ததாகும் என்பது அதன் கொள்கை. "விடுவிக்கிறேன்" என்று எழுதினால் அனைவரும் விடுபடுவர்; "இவர்மீது வழக்குத் தொடரமாட்டேன்" என்று எழுதினால் இவர் மட்டுமே தப்புவார். இத்தகைய சொல் வேறுபாட்டுக்கு நாம் அரை மதிப்பெண் குறைப்போம். அங்கே ஒரு குடும்பத்தின் பிழைப்பே அதில் தொங்கியது. 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டத்தின் வழியாக ஆங்கிலேயப் பொதுச் சட்டம் நம் நாட்டு நீதிமன்றங்களுக்கும் அடிப்படையாயிற்று.

லோரியும் பஸ்ஸும் கூடித் திட்டமிட்டு மோதவில்லை. தனித்தனித் தவறுகள் சேர்ந்து ஒரே காயத்தை விளைத்தன. ஆகவே பழைய விதி இங்கே நேராகப் பொருந்தாது. ஆயினும் அபாயம் நீங்கியதாகக் கொள்ளலாகாது. இங்கிலாந்தில் கொதிகலன் தொழிலாளி ஒருவர் கல்நார்த் தூசியால் புற்றுநோயுற்றார். 1988இல் தம் முதலாளியிடம் 80,000 பவுண்டுக்கு "முழுமையான இறுதித் தீர்வு" என்று இசைந்து, பணம் கைக்கு வருமுன்பே, சில நாள்களில் இறந்தார். அவர் பணிபுரிந்த மின்நிலையங்களுக்கு உரிய மின்வாரியத்தின்மீது அவர் மனைவியின் பொருட்டு வழக்குத் தொடரப்பட்டது. இசைந்த தொகை இழப்பின் முழு மதிப்பைவிடக் குறைவு என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் 1998இல் பிரபுக்கள் சபை, கணவர் அத்தொகையை முழு ஈடாக ஏற்றுவிட்டபடியால் மின்வாரியத்திடம் கேட்க எதுவும் எஞ்சவில்லை எனத் தீர்ப்பளித்தது. நீதிபதியருள் ஒருவர் மட்டும் மாறுபட்டார். 2002இல் அதே சபை, ஒப்பந்தத்தின் சொற்களையும் சூழலையும் பார்த்தே அது முழு ஈடா அன்றா என்று முடிவுசெய்ய வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. அம்மூதாட்டிக்கு அத்தெளிவு வந்து என்ன பயன்?

பணம் தருவோர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. நம் சிவில் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, இழப்பீடு கட்டியவர் தவறில் பங்குடைய மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்டுப் பெறலாம். பஸ்காரர்மீது வழக்கு வந்தால் அவர் லோரிக்காரரை மீண்டும் இழுப்பார். பணத்தைக் கொடுத்து நிம்மதியை வாங்கியவருக்கு அந்த நிம்மதி கிட்டாமற் போகும். "மற்றெவரையும்" என்ற சொல் புகுந்ததற்குக் காரணம் இதுவே. ஒரே காயத்துக்கு இருமடங்கு பெறுவதும் முறையன்று. ஆனால் முன்பு பெற்றதைக் கழித்துக்கொண்டு எஞ்சியதைத் தருவதற்கும், கதவையே அடைத்துவிடுவதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது.

கையொப்பமிடாதவரையும் ஒரு தீர்வு கட்டுப்படுத்தும் என்பதற்குப் போபாலைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 1984 டிசம்பரில் நச்சு வாயு கசிந்தது. பாதிக்கப்பட்ட அனைவருக்காகவும் வழக்காடும் உரிமையை 1985ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசுக்கே அளித்தது. 330 கோடி டாலர் கேட்டிருந்த வழக்கு, 1989 பிப்ரவரி 14ஆம் நாள் 47 கோடி டாலரில் முடிந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஆணை யூனியன் கார்பைடின் சிவில் பொறுப்பை முடித்ததோடு நில்லாமல், தொடர்புடைய குற்ற வழக்குகளையும் நீக்கிற்று. நோயுற்றுக் கிடந்தோரை யாரும் கேட்கவில்லை. 1991 அக்டோபர் 3ஆம் நாள் குற்ற வழக்குகளுக்கு மட்டும் உயிர் திரும்பியது. கூடுதல் தொகை கோரிய அரசின் மனு 2023 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று. அன்று பிறவாத பிள்ளையின் மூச்சுத்திணறலையும் சேர்த்து எழுதிக்கொடுக்க யாருக்கு உரிமை இருந்தது என்பதே என் வினா. ஒருவர் தாம் அறிந்ததையும் தமக்கு உரியதையும் மட்டுமே விட்டுக்கொடுக்க முடியும் என்று நான் கருதுகிறேன்.

எல்லையை வரையறுத்துச் சொல்வது இயலாத செயலுமன்று. நம் பெர்கேசோ திட்டத்தையே காண்க. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், உதவித்தொகைக்கு ஈடாக முதலாளிமீது வழக்குத் தொடரும் உரிமையை 31ஆம் பிரிவில் எடுத்துவிடுகிறது. அது கடுமையான விதிதான். ஆயினும் யார் விடுபடுகிறார் என்பதை அது சொல்லிவிடுகிறது. சாலையில் மோதிய அயலாரை அது காப்பதில்லை.

அத்தாயாரிடம், "இன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்," என்றேன். வாடகை மூன்று மாதமாக நிற்கிறது என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

ஆறு வாரம் கழித்து மீண்டும் வந்தார். "மற்றெவரையும்" என்ற சொல் அடிக்கப்பட்டு, பஸ்காரர்மீதுள்ள உரிமை நிலைக்கும் என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. தொகையில் கொஞ்சம் குறைத்துவிட்டார்களாம். பஸ்காரருடன் வழக்கு இன்னும் நடக்கிறது.