முதல் காது

சாமிக்குக் கேட்கச் சத்தம் வேண்டுமா? எங்கள் ஊரான சிலமலையில் திருவிழா நெருங்கும்போதெல்லாம் எனக்குள் எழும் கேள்வி இது. வேப்பமரத்தில் குழாய் ரேடியோவைக் கட்டிவிடுவார்கள். விடிவதற்கு முன்பே பாட்டு தொடங்கிவிடும். அந்த பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அலையைப் பெருக்கிக் கொடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. பெருக்கினால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

தூர்தர்ஷன் மட்டுமே இருந்த நாளில் போடியிலும் மலையடி ஊர்களிலும் ஆன்டெனா கட்டினேன். வடகிழக்கே, 30 கிலோமீட்டருக்கு அப்பால், கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம். அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் ஊருக்குள் படம் விழுந்துவிடும். ஏலத்தோட்டங்கள் இருக்கும் மலை மடிப்புக்குள் போனால் வெறும் புள்ளிதான். அங்கேதான் அலையைப் பெருக்கும் பூஸ்டர் கேட்பார்கள்.

ஒரு தோட்டத்து வீட்டில் பூஸ்டர் மாட்டியும் புள்ளி போகவில்லை. வீட்டுக்கார அம்மா, “ஏப்பா, காசு போனாப் போகுது, இன்னொண்ணையும் சேத்து மாட்டு” என்றார். மாட்டிக் காட்டினேன். புள்ளி கொஞ்சமும் குறையவில்லை. பிறகு இரண்டையும் கழற்றி, ஒன்றை மட்டும் கம்பத்தின் உச்சியில் ஆன்டெனாவை ஒட்டி வைத்தேன். கம்பத்தோடு இன்னொரு குழாயைச் சேர்த்து உயர்த்தினோம். செய்தி வாசிப்பவரின் முகம் வந்தது, காதுத் தோடு வரைக்கும். “ரெண்டு வச்சு வராதது ஒண்ணுல வந்திருச்சே!” என்று அந்த அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

எது படம், எது இரைச்சல் என்று பூஸ்டருக்குத் தெரியாது. வந்ததையெல்லாம் பெருக்கும், தன் உள்ளே எலெக்ட்ரான்கள் சூட்டில் ஆடுவதால் பிறக்கும் இரைச்சலையும் அதில் சேர்த்துவிடும். பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் ஃப்ரீஸ் 1944இல் இதற்குச் சூத்திரம் எழுதினார். வரிசையாக எத்தனை பெருக்கிகளை வைத்தாலும், பின்னால் நிற்பவை சேர்க்கும் இரைச்சல் முதல் பெருக்கியின் பெருக்கத்தால் வகுபட்டுச் சிறுத்துவிடும். முதலாவது சேர்த்தது அப்படியே நிற்கும். முதலில் கேட்கும் காது கலங்கியிருந்தால், பிறகு எத்தனை மடங்கு பெருக்கினாலும் கலங்கலும் கூடவே பெருகும்.

மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை உரையோடு வாசிக்கத் தொடங்கியபோது இந்தச் சூத்திரம் கூடவே வந்தது. சைவ சித்தாந்தத்தில் அருளுக்கு வருவதும் போவதும் இல்லை. அது எப்போதும் இருக்கிறது. உயிரை மறைப்பது ஆணவ மலம். அந்த மலம் பக்குவப்படும் மலபரிபாகம் வந்த உயிருக்கு, அருள் பதியும் சத்திநிபாதம். அப்படியானால் வழிபாட்டில் அனுப்புவது யார், வாங்குவது யார்? நாம் அனுப்புகிறோம், இறைவன் வாங்குகிறான் என்று நினைத்துக்கொண்டு குழாயை ஆகாயத்தைப் பார்த்துக் கட்டுகிறோம். அனுப்புவது அவன் என்றால், பழுது பார்க்க வேண்டிய இடம் நம் பக்கம்தான் இருக்கிறது. கருவியும் உயிரும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. கருவிக்குத் தன் இரைச்சல் தன்னுடையது என்று தெரியாது. உயிரால் அதை அறிய முடியும். அந்த வித்தியாசத்தில்தான் சமயமே இருக்கிறது என்று நம்புகிறேன்.

1964இல் அமெரிக்காவின் ஹோம்டெல்லில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் தங்கள் ஆன்டெனாவின் முதல் பெருக்கியைத் திரவ ஹீலியத்தில், சுமார் மைனஸ் 269 டிகிரியில், குளிர வைத்திருந்தார்கள். அதன் இரைச்சலை அப்படி அடக்கியும் ஏதோ மிஞ்சியது. நகரத்திலிருந்து வருகிறதா என்று பார்த்தார்கள். ஆன்டெனாவுக்குள் கிடந்த புறா எச்சத்தைக்கூடச் சுரண்டி எடுத்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் குறையாமல் நின்றது, பிரபஞ்சம் பிறந்த காலத்தின் மிச்சக் கதிர். 1978இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. தன்னுடையதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்தவர்களுக்குத்தான் தன்னுடையதல்லாதது தெரிந்தது.

எங்கள் பக்கத்துப் பொட்டிபுரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க நினைத்ததும் இப்படி இரைச்சல் அடங்கிய அமைதியைத் தேடித்தான். மற்ற கதிர்களை வடிகட்ட, எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டுமாம். மலைக்கும் தண்ணீருக்கும் பயந்து ஊரார் எதிர்த்தார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அந்தத் தேடல் மீது எனக்கு மரியாதை உண்டு.

பெருக்குவதில் இன்னொரு கேடும் உண்டு. “டவர் கிடைக்கல” என்று அனுமதி இல்லாத செல்போன் பூஸ்டரை மாட்டுகிறவர் வீட்டில் நான்கு கோடும் நிறைந்து நிற்கும். அது துப்பும் இரைச்சல் கோபுரத்தின் காதை அடைக்கும். மலையில் வேலை செய்கிற யாரோ ஒருத்தி வீட்டுக்குப் பேச முயல்வது பாதியில் அறுந்துபோகும். சட்டம் அதைத் தடுப்பது சரி. குழாய் ரேடியோவும் அப்படியே. தோட்ட வேலைக்குப் போகும் முதல் ஜீப்புக்கு எழ வேண்டியவர்களும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் இந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள்.

கூடிப் பாடுவதே வேண்டாம் என்று சொல்வேனா? பாடப் பாட நெஞ்சுக்குள் இருக்கும் சளசளப்பு அடங்குகிறதே, அதற்காகவே பாட வேண்டும். மார்கழியில் திருவெம்பாவை பாடும்போதாவது மைக்கை அணைத்து வைக்கும்படி கமிட்டிக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். “பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்காதே, தாத்தா” என்றான் ஒரு பையன்.

“முன்னாடி வந்து உக்காரச் சொல்லுப்பா” என்றேன்.