கொல்லாமையும் எலிக்காய்ச்சலும்

இயங்குயிர் எதனையும் எண்ணித் துணிந்து கொல்லலாகாது என்பது இல்லறத்தார் அனைவரும் ஏற்றுக்கொண்ட அணுவிரதம். எறும்பு ஊரும் வழியில் கால் வைக்கத் தயங்கும் நம் குடும்பங்களில் இதுபற்றி ஐயம் எழ இடமில்லை. ஆயினும் நெல்லை விளைவித்து, நெல்லைச் சேர்த்துவைத்து, அந்நெல்லைக் கொண்டே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த தமிழ்ச் சமணராகிய நமக்கு, எலி என்னும் ஓருயிர் மட்டும் என்றும் தீராத வினாவாகவே இருந்துவருகிறது. அது ஐம்பொறி உயிர். அச்சமும் குட்டிகளிடத்துப் பாசமும் உடையது. நம் வயலையும் குதிரையும் அழிப்பதும் அதுவே. இவ்வினாவுக்கு நம் முன்னோர் வீட்டளவில் கண்ட விடை பெரும்பாலும் மௌனம்தான். அந்த மௌனத்தை நாமும் பல்லாண்டு காத்தோம். அதைக் கலைத்தது ஒரு காய்ச்சல்.

காவாந்தண்டலத்தில் ஏரிப்பாய்ச்சலில் எங்களுக்குச் சிறிது நன்செய் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் நடவு முடிந்தது. பத்து நாள் கழிந்திருக்கும். நடவுக்கு வந்த பெண்களுள் ஒருவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. கெண்டைக்கால் சதையைத் தொடவும் முடியவில்லை என்றார். மழையில் நனைந்ததால் வந்தது என்று அவர்களும் நினைத்தார்கள், நாமும் நினைத்தோம். கண்கள் செந்நிறமாயின, ஆனால் பீளை இல்லை. பின்னர்க் கண்ணும் தோலும் மஞ்சளித்தன. மஞ்சட்காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். சிறுநீர் குறைந்த பிறகே காஞ்சிபுரத்துக்குக் கொண்டுசென்றார்கள். வண்டி பிடித்துக் கொடுத்தவர்கள் நாம். ஐந்து நாள் முன்னதாகவே பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும். அங்கிருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்டது, “எந்தத் தண்ணீரில் நின்றீர்கள்?” என்பது. அவர் சொன்ன அடையாளம் எங்கள் வயலின் கீழ்மடை. மூன்று வாரம் கழித்து, உடல் பாதியாய், உயிரோடு திரும்பினார்.

நோய் எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்னும் சுருள்வடிவ நுண்ணுயிர் இதற்குக் காரணம். இந்நோயின் கடுமையான வடிவத்தை 1886இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் விரித்துரைத்தார். 1915இல் ஜப்பானிய அறிஞர்கள் கிருமியைக் கண்டறிந்தனர். இது எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு இதனால் பெரிதாகத் துன்பமில்லை. அதன் சிறுநீர் வழியே வெளிப்பட்டு, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கிலும், உயிர்த்திருக்கும். காலில் உள்ள சிறு வெடிப்பு, நெடுநேரம் நீரில் ஊறிய தோல், கண், வாய் ஆகியவற்றின் வழியாக மனித உடலுள் புகும். புகுந்து ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள் பெரும்பாலும் காய்ச்சல் தோன்றும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். தொடக்கத்திலேயே கண்டால் டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற மருந்துகள் தீர்க்கும். பிந்தினால் கல்லீரலும் சிறுநீரகமும் பழுதாகும். உடல் தேறிய பின்னும் சிலருக்குக் கண்ணில் அழற்சி தோன்றுவதுண்டு. 1993 இறுதியில் தென் மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்து வடிந்தபின், 1994இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அவ்வாறான கண்ணழற்சியோடு பலர் வந்தனர். காரணத்தைத் தேடிய மருத்துவர்கள் இக்கிருமியில் போய் நின்றனர்.

எலியோடு வரும் நோய்கள் வேறும் உள. எலியின் மேல் வாழும் நுண்ணிய சிற்றுண்ணியின் கடியால் வரும் உண்ணிக்காய்ச்சல் நம் வடமாவட்டங்களில் அரிதன்று. உடலில் எங்கேனும் கருகிய புண்போல் ஒரு வடு காணப்பட்டால் மருத்துவரிடம் மறைக்காமல் காட்ட வேண்டும். கொள்ளைநோயின் கதை எல்லோரும் அறிந்ததே. ஆயினும் அதில் ஒரு செய்தியை இங்கு நினைவூட்ட வேண்டியுள்ளது.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், சுகாதாரப் பாடத்துக்கு எலி, தெள்ளுப்பூச்சி, மனிதன் என மூன்று படம் வரைந்து அம்புக்குறியிட்ட அட்டை ஒன்று செய்தோம். 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியதும், 1898இல் கராச்சியில் சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் தெள்ளுப்பூச்சியே இடையிலுள்ள தூது என்று காட்டியதும் பாடக்குறிப்பில் இருந்தன. முடிவில் ‘மாணவர் செய்ய வேண்டுவது’ என்ற தலைப்பின் கீழ் ‘எலிகளை ஒழித்தல்’ என்று எழுத வேண்டியிருந்தது. எம் கை ஓடவில்லை. ‘எலி வாராது காத்தல்’ என்று எழுதினோம். மேற்பார்வையிட வந்த அம்மையார் அதைக் கண்டு புன்னகைத்தாரேயன்றித் திருத்தவில்லை. அன்று நாம் எழுதியது வெறும் கூச்சத்தால் எழுதியது. எலி இறந்தால் அதன் உடல் குளிர, தெள்ளுப்பூச்சி அதைவிட்டு நீங்கி அருகிலுள்ள மனிதரை நாடும் என்பதும், கொள்ளைநோய்க் காலத்தில் ஆய்ந்தோயாது எலியைக் கொன்றால் கேடு மிகும் என்பதும் பின்னரே விளங்கின. ஆனால் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, “பார்த்தீர்களா, கொல்லாமையே மருத்துவம்” என்று மேடையேறுவது நேர்மையாகாது. எலிக்காய்ச்சலுக்கு அந்த விதி பொருந்தாது. அங்கே உயிரோடிருக்கும் எலிதான் நாள்தோறும் நீரைக் கெடுக்கிறது.

ஆகவே கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. நம் வீடுகளில் இதற்கு வழங்கும் விடைகளைச் சற்றே வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் விடை எலிக்கூண்டு. இரவில் அகப்பட்ட எலியை விடியலில் கொண்டுபோய் ஊர்க்கோடியில் திறந்துவிட்டு, கை கழுவி, ஜினாலயம் செல்கிறோம். ஊர்க்கோடியில் யார் குடியிருக்கிறார்கள்? ஓலைக்கூரையும் மண்தரையும் உடைய வீடுகள் அங்கேதான் இருக்கின்றன. நம் அரிசிப் பானைக்கு மூடி உண்டு. அவர்கள் பலருக்குக் கதவே சரியாக இராது. இதை நாமும் செய்திருக்கிறோம் என்பதால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறோம். இதற்கு அகிம்சை என்று பெயரிட மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது விடை இருளர். எம் இளமையில் அறுவடைக்கு முன்னர் இருளர் குடும்பத்தினர் வரப்பில் வளை தேடி வருவர். மண்பானையில் புகை மூட்டி, வளைக்குள் வாயால் ஊதி, வெளிவரும் எலியைப் பிடிப்பர். அப்புகை முழுதும் அவர்கள் நெஞ்சுக்குள்ளும் போகும். வளையைத் தோண்டினால் எலி சேர்த்த நெற்கதிர் கிடைக்கும், அது அவர்களுக்கே. எலியும் அவர்களுக்கு உணவு. எலிக்கு இவ்வளவு என்று கூலியும் பேசுவதுண்டு. அன்று மட்டும் எங்கள் வீட்டார் களத்துமேட்டுப் பக்கம் போகமாட்டார்கள். கூடையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. கூலியை மட்டும் திண்ணையில் வைத்துக் கொடுப்பார்கள். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே என்று மாலையில் எமக்குப் பாடம் சொன்ன பெரியவரும், காலையில் கூலி எண்ணிக் கொடுத்த பெரியவரும் ஒருவரே. அவரைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. அவர் உண்ட சோற்றை நாமும் உண்டோம்.

மூன்றாவது விடை கடையில் வாங்கும் நஞ்சு. இதைப்பற்றி நீட்ட விருப்பமில்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை தமிழகத்தில் எத்தனையோ இளம்பெண்களின் கல்லீரலை அழித்து உயிரைக் குடித்திருக்கிறது. 2024 நவம்பரில் நம் மாவட்டத்துக் குன்றத்தூர்ப் பகுதியில், வீட்டில் எலிக்கென வைக்கப்பட்ட நஞ்சின் நெடியை உறக்கத்தில் சுவாசித்து இரண்டு குழந்தைகள் மாண்டன.

இனி நூல் வழியே நோக்குவோம். இல்லறத்தானுக்கு நேரும் இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காக வகுத்தனர் ஆன்றோர். கொல்ல வேண்டும் என்று எண்ணியே கொல்லும் சங்கல்பியை அறவே விடுக என்றனர். சமைத்தல், உழுதல், தற்காத்தல் ஆகியவற்றில் தவிர்க்க இயலாது நேர்வனவற்றைக் குறைத்துக்கொண்டே வருக என்றனர். எலியைக் கொல்வோர் தம் செயலை விரோதி இம்சை என்பர்: வீட்டாரையும் வேலையாளையும் நோயினின்று காப்பதற்காக என்பர். இவ்வாதம் பொய்யன்று. அந்தப் பெண்ணின் மஞ்சளித்த கண்ணைக் கண்டபின் அதை எளிதில் தள்ள எம்மால் இயலவில்லை. ஆனால் உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, உயிரைப் பிரித்தலோடு பிரமாதம் என்பதையும் சேர்த்தே சொன்னார். (இன்று பேச்சில் ‘மிக நன்று’ என்று பொருள்படும் இச்சொல், ஆகம வழக்கில் அசட்டையையும் விழிப்பின்மையையும் குறிக்கும். சொற்களின் விதி வேடிக்கையானது.) இவ்விலக்கணத்தை எலியின்மேல் வைத்துப் பார்த்தால், வினை பொறி வைக்கும் இரவில் தொடங்கவில்லை. சிந்திய நெல்லைக் கூட்டாத மாலையில், சாக்கடை ஓரம் சோற்றைக் கொட்டிய பகலில், அகன்ற வரப்பை வெட்டிச் சிறுக்காத ஆடியில் தொடங்குகிறது. நாமே சோறிட்டு வளர்த்த உயிரை, பெருகிவிட்டது என்று எதிரியாக்கி, விரோதி இம்சை என்று பெயரிட்டுக் கொல்வது வழக்கை நாமே உண்டாக்கி நாமே தீர்ப்பெழுதுவதாகும். கொல்லாமல் விட்டுவிடுவதும் அதே அசட்டையின் மற்றொரு முகமாகலாம். அப்போது தண்டனை நடவுப் பெண்ணின் காலுக்குப் போகிறது.

சூரத் நகரம் இதற்கு நல்ல சான்று. வெள்ளமும் குப்பையும் தேங்கிய அந்நகரில் 1994 செப்டம்பரில் கொள்ளைநோய் தோன்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். அடுத்த ஆண்டு மாநகராட்சி ஆணையராக வந்த எஸ். ஆர். ராவ் குப்பை அள்ளுதலையும் சாக்கடையையும் தெருத்தெருவாய்ச் சீர்செய்தார். சில ஆண்டுகளிலேயே நாட்டின் தூய நகரங்களுள் ஒன்றெனச் சூரத் பேசப்பட்டது. உணவும் ஒதுங்கிடமும் குறைந்த இடத்தில் எலி பெருகுவதில்லை. பிறவாத உயிரைக் கொல்லும் தேவையும் எழுவதில்லை.

நம் ஒழுக்கங்களிலேயே இதற்குப் பாதி வழி இருக்கிறது. கதிரவன் மறையுமுன் உண்ணும் வீட்டில், எலி வெளிவரும் வேளைக்கு முன்பே அடுப்படி துடைத்துப் பாத்திரம் கவிழ்ந்திருக்கும். இப்போது அந்நோன்பு பல வீடுகளில் பருவநாள் அளவில் நின்றுவிட்டது. தொலைக்காட்சியின் முன் ஒன்பது மணிக்கு உண்டு தட்டை அப்படியே வைத்துவிடுகிறோம். நீரை வடிகட்டிப் பருகும் வழக்கமும் நல்லதே. ஆனால் இக்கிருமி துணியின் இழைக்கு அடங்காத அளவு மெலிது, ஆகவே மழைக்காலத்தில் காய்ச்சிய நீரே தகும். காய்ச்சுவதிலும் மருந்துண்பதிலும் நுண்ணுயிர் மாளுமே என்று ஒரு பேத்தி எம்மை மடக்கினாள். மாளும்தான். ஓரறிவுயிருக்கும் ஐம்பொறி உயிருக்கும் வேறுபாடு கண்டே ஆன்றோர் இல்லறத்தானுக்கு வரம்பு வகுத்தனர் என்று விடையளித்தோம். அவள் முழுதும் ஏற்றாளென்று சொல்வதற்கில்லை.

வயலில் கடந்த சில ஆண்டுகளாக வரப்பைச் சிறுக்கிக் கட்டுகிறோம். குறுகிய வரப்பில் வளை எடுக்க எலிக்கு வசதி குறைவு. வரப்புப் புல்லை அவ்வப்போது அறுத்துவிடுகிறோம். இரவில் ஆந்தை வந்து அமரக் கழிகளும் நட்டோம். “ஆந்தையைக் கொண்டு கொல்வித்தால் அது செய்வித்தல் ஆகாதோ?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். ஆந்தைக்கு விரதம் இல்லை, கழி நட்ட நமக்கு உண்டு. அவர் வாயை அடைக்கும் விடை எம்மிடம் இல்லை. இருளரை மூன்றாண்டாக அழைக்கவில்லை. அவர்களுள் முதியவர் ஒருவர் சென்ற அறுவடையின்போது வந்து நின்று, “இந்த வருசமும் வேணாமாம்மா?” என்று கேட்டபோது, நம் விரதம் அவருடைய ஒருநாள் கூலியையும் கறியையும் எடுத்துக்கொண்டது என்பதும் தெரிந்தது. வேறு வேலை இருக்கிறது, வரப்புப் புல் அறுக்க வாருங்கள் என்றோம். வந்தார்.

நடவுப் பெண்களுக்கென முழங்கால்வரை ரப்பர்ச் செருப்பு வாங்கினோம். சென்ற ஐப்பசியில் அந்தப் பெண்ணே அதை அணிந்து கீழ்மடையில் இறங்கினார். நான்கு அடி வைத்ததும் சேறு பிடித்துக்கொண்டது. “கழண்டுகிட்டுப் போவுது டீச்சரம்மா, இதைப் போட்டுகிட்டு எங்க நடறது?” என்று சிரித்துக்கொண்டே அதை வரப்பில் வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கிவிட்டார். காலில் வெடிப்போ புண்ணோ உள்ள நாளில் இறங்க வேண்டாம், கூலி உண்டு என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறோம். மாலையில் மோட்டார் கொட்டகையில் எல்லோரும் சோப்பிட்டுக் கால் கழுவினர். அன்று தொடங்கி ஒரு மாதம், நாள்தோறும் காலையில் ஆள் அனுப்பி, யாருக்கேனும் காய்ச்சல் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.