காரணிகள் எங்கே இருந்தன?

2இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் 147573952589676412927 வரும். மரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644இல் வெளியிட்ட பட்டியல் இதைப் பகா எண் என்றது. 1876இல் எதுவார் லூக்கா இது பகு எண்தான் என்று நிறுவினார். ஆனால் எவற்றால் வகுபடும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. காரணிகளை 1903இல் அறிவித்தவர் ஃபிராங்க் நெல்சன் கோல்: 193707721, 761838257287. இடைப்பட்ட 27 ஆண்டுகளில், யார் மனத்திலும் எந்தத் தாளிலும் இல்லாத அவ்விரு எண்களும் அந்தப் பெரிய எண்ணை வகுத்துக்கொண்டுதான் இருந்தனவா? ஆம் என்றே கருதுகிறேன். கணித உண்மை மனிதர் அறிவதால் உண்டாவதில்லை.

காரணி தெரியாமலே பகு எண் என்று எப்படித் தெரியும்? லூக்காவின் வழியைக் கணிதவியலாளர் லெமர் பின்னாளில் எளிமையாக்கினார். 4இல் தொடங்கி, வர்க்கமாக்கி, 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 31க்கு 4, 14, 8, 0 என்று வரும். கடைசி மீதி பூஜ்யம் என்பதால் 31 பகா எண். 2இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைவான 2047க்கு ஒன்பதாம் படியில் 1736 மிஞ்சுகிறது. ஆகவே அது பகு எண். அதன் காரணிகளான 23உம் 89உம் இந்தக் கணக்கில் எங்குமே தலைகாட்டவில்லை. ஆனாலும் அவை இல்லாமல் இந்த விடை வந்திருக்காது.

விதிகளை வகுத்தவர்கள் நாம், விளைவுகளும் நம்முடையவையே என்று ஒரு மறுப்பு உண்டு. சதுரங்க விதிகளும் நாம் வகுத்தவைதான். ஆனால் ஒரு நிலையில் கறுப்பு தப்புமா என்பதை நாம் தீர்மானிப்பதில்லை, ஆராய்ந்து அறிகிறோம். மெர்சென் பிழைபட முடிந்ததும் இதனால்தான். தன் விருப்பப்படி அமைக்கும் ஒன்றில் யாரும் பிழைபட முடியாது.

இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றைச் சேர்ந்த வைசேடிகர் எழுப்பக்கூடிய மறுப்பு இதைவிடக் கூர்மையானது. ஒன்று என்பது பொருளிலேயே உள்ள குணம். இரண்டு முதலான எண்கள் எண்ணிப் பார்க்கும் அறிவால், அதாவது அபேட்சாபுத்தியால் தோன்றி, அது நீங்கியதும் அழிபவை என்பது அவர்கள் கொள்கை. அப்படியானால் எண்ணுவார் இல்லாத காரணி ஏது? ஆனால் அந்த அறிவை அவர்களே நிமித்த காரணம் என்று மட்டும்தான் சொன்னார்கள். எண் பிறப்பதற்கு மனம் வேண்டும் என்று ஒப்புக்கொள்வோம். பிறந்த எண் எதனால் வகுபடும் என்பதில் அந்த மனத்துக்கு அதிகாரம் இல்லையே. 2இன் 1277ஆம் அடுக்கில் ஒன்று குறைவான எண் 385 இலக்கம் கொண்டது. அது பகு எண் என்பது உறுதி. காரணி ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. தேடுவோர் ஒன்றைப் படைக்க முயலவில்லை, இருப்பதைத்தான் தேடுகிறார்கள்.

எண்களின் உண்மை எல்லா மனங்களுக்கும் பொது, எந்த மனத்துக்கும் கட்டுப்படாதது என்று காட்டி, அங்கிருந்து இறைவன் உண்டு என்ற முடிவுக்குப் போனார் கிறித்தவச் சிந்தனையாளர் அகஸ்டின். முதல் இரண்டு படிகளையும் மனமார ஏற்கிறேன். மூன்றாவதற்கு இந்த எண்கள் தரும் சான்று போதாது. மனத்துக்குக் கட்டுப்படாத ஒன்று இன்னொரு பெரிய மனத்தில்தான் தங்கியிருக்க வேண்டும் என்பதைத் தனியே நிறுவியாக வேண்டும்.